பாறையில் யுரேனியம் சமநிலையில் இருக்கிறதா? அளப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காமா நிறமாலைமானியை ஓட்டத் தெரிந்து, இப்போது பாறைத் தூளில் ரேடியம்-யுரேனியம் கதிரியக்க விகிதம் கண்டாக வேண்டியவர்களுக்காக இந்தக் கேள்வி-பதில். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். விகிதம் 1-லிருந்து விலகி வந்தால் உடனே நிலவியல் காரணம் தேடாதீர்கள். தூளை அடைத்த டப்பாவின் மூடியையும், தாழ்ந்த ஆற்றல் முகடுகளின் (நிறமாலையில் ஒவ்வொரு கதிரும் எழுப்பும் கூர்மேடுகளின்) திருத்தத்தையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சமநிலை என்று எதைச் சொல்கிறோம்?

யுரேனியம்-238 எட்டு ஆல்ஃபா, ஆறு பீட்டா எனப் பதினான்கு சிதைவுகளைக் கடந்துதான் நிலையான ஈயம்-206 ஆகிறது. தாயின் அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. வழியில் வரும் சேய்களில் நமக்கு வேண்டியவை, அரை ஆயுளோடு: தோரியம்-234 (24.1 நாள்), புரோட்டாக்டினியம்-234எம் (1.2 நிமிடம்), யுரேனியம்-234 (2.45 லட்சம் ஆண்டு), தோரியம்-230 (75,600 ஆண்டு), ரேடியம்-226 (1,600 ஆண்டு), ரேடான்-222 (3.82 நாள்), ஈயம்-214 (27 நிமிடம்), பிஸ்மத்-214 (20 நிமிடம்), ஈயம்-210 (22 ஆண்டு).

எதுவும் உள்ளே வராமல், எதுவும் வெளியே போகாமல் பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் பாறை கிடந்தால், ஒவ்வொரு சேயும் பிறக்கும் வேகத்திலேயே சிதையும். அப்போது சங்கிலியில் உள்ள எல்லாவற்றின் கதிரியக்கமும், அதாவது நொடிக்கு எத்தனை சிதைவு என்ற எண், ஒன்றாகிவிடும். எடை ஒன்றாகாது. சமநிலையில் உள்ள பாறையில் மூன்று டன் யுரேனியத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் ரேடியம்தான் இருக்கும். கனிமங்களில் இந்த விகிதம் மாறாமல் வருவதை அமெரிக்க வேதியியலாளர் பெர்ட்ரம் போல்ட்வுட் 1904-ல் காட்டினார். ரேடியம் யுரேனியத்திலிருந்து பிறக்கிறது என்பதற்கு அது அன்று கிடைத்த வலுவான ஆதாரங்களில் ஒன்று.

காமா அளந்தால் யுரேனியம் தெரிந்துவிடுமே. சமநிலையைத் தனியாக ஏன் பார்க்க வேண்டும்?

காமா அளப்பது யுரேனியத்தை அல்ல என்பதால்தான். இந்தச் சங்கிலியின் காமா ஆற்றலில் ஏறக்குறைய 98 சதவீதம் ரேடியத்துக்குக் கீழே உள்ள ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகிய இரண்டிலிருந்தே வருகிறது. கைக்கருவி, துளைக்கிணற்றில் இறக்கும் காமா ஆய்வி, சோடியம் அயோடைடு படிகம் ஆகிய மூன்றும் இந்த இரண்டையும் எண்ணிவிட்டு, சமநிலை இருப்பதாக வைத்துக்கொண்டு யுரேனியம் இவ்வளவு என்று சொல்கின்றன. அந்த எண்ணைச் ‘சமான யுரேனியம்’ என்கிறோம். சமநிலை இல்லாத பாறையில் அதுவும் உண்மையான யுரேனியமும் வேறு வேறு.

இந்த வேறுபாடு கனிம இருப்பு மதிப்பீட்டில் பணமாக வெளிப்படும். அமெரிக்காவின் வயோமிங்கில் மணற்பாறைக்குள் நிலத்தடி நீர் வளைந்த நாக்குபோல் முன்னேறி யுரேனியத்தைப் படியவைத்த படிவங்கள் இதற்குப் பாடநூல் உதாரணம். நீர் ஏற்கெனவே கடந்துபோன ஆக்சிஜனேற்றப் பக்கத்தில் யுரேனியம் கரைந்து போயிருக்கும், ரேடியமும் தோரியமும் பின்தங்கியிருக்கும். அங்கே காமா பொய்யாக உயர்ந்து காட்டும். நாக்கின் முனையில் யுரேனியம் புதிதாகப் படிந்திருக்கும், சேய்கள் இன்னும் வளர்ந்திருக்காது. அங்கே காமா குறைத்துக் காட்டும். ஒரே படிவத்தின் இரு பக்கங்களிலும் பிழை எதிரெதிர்த் திசையில் இருப்பதால், முழுப் படிவத்துக்கும் ஒரே திருத்தக் காரணி போடுவது சரியாகாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் யீலிரி போன்ற கால்கிரீட் (வறண்ட நிலத்தில் இறுகிய சுண்ணாம்பு) படிவங்கள் வயதில் இளையவை என்பதால் அங்கும் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. மாறாக, ஆழத்தில் நீர் படாமல் கிடக்கும் மிகப் பழைய கடினப் பாறைகளில் விகிதம் பொதுவாக 1-ஐ ஒட்டியே வரும். அதே பாறை மேற்பரப்பில் தலைகாட்டி மழையில் ஊறியிருந்தால் இந்த நம்பிக்கை செல்லாது.

சங்கிலி எந்த இடத்தில் அறுபடுகிறது? திரும்பச் சேர எவ்வளவு காலமாகும்?

ஒவ்வொரு தனிமத்தின் வேதியியலும் ஒவ்வொரு மாதிரி. ஆக்சிஜன் கலந்த நீரில் யுரேனியம் ஆறாம் இணைதிறனுக்கு ஏறி எளிதில் கரையும், கார்பனேட் இருந்தால் இன்னும் எளிது. தோரியம் ஏறக்குறைய கரையவே கரையாது. ரேடியம் உப்பு நீரில் நகரும், ஆனால் சல்பேட்டும் பேரியமும் இருந்தால் பேரைட்டோடு சேர்ந்து முடங்கிவிடும். ரேடான் வாயு. விரிசல் கிடைத்தால் போய்விடும்.

அறுபட்ட இணைப்பு, சேயின் அரை ஆயுளைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு காலத்தில் சேரும். ரேடான் போனது ஒரு மாதத்துக்குள் சரியாகும். ரேடியம் மட்டும் கரைந்துபோயிருந்தால் எட்டாயிரம் முதல் பதினோராயிரம் ஆண்டு. யுரேனியம் தனியாகப் படிந்திருந்தால் தோரியம்-230 வளர நான்கைந்து லட்சம் ஆண்டு.

யுரேனியம்-234, யுரேனியம்-238 ஆகிய இரண்டும் ஒரே தனிமமாக இருந்தும் பிரியக்கூடும். ஆல்ஃபா சிதைவின் உதைப்பில் சேய் அணு படிகத்தில் தன் இடத்தை விட்டு இடம்பெயர்கிறது. அது இருந்த இடமும் சிதைந்திருக்கிறது. ஆகவே நீர் அதை எளிதாக இழுத்துக்கொள்ளும். சோவியத் ஆய்வாளர்கள் செர்டின்ட்செவ், சலோவ் இதை 1950-களில் கண்டனர். கடல் நீரில் இந்த விகிதம் சுமார் 1.15. காமா முறைக்கு இந்த வேறுபாடு தெரியாது, அதற்கு ஆல்ஃபா அல்லது நிறை நிறமாலை வேண்டும்.

எந்த முகட்டை எதற்காகப் படிக்க வேண்டும்?

ஆற்றல்கள் கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில், சுருக்கமாக கேஇவி.

| ஆற்றல் | கதிர்வீசி | எதைச் சொல்கிறது | 100 சிதைவுக்கு எத்தனை கதிர் |
|---|---|---|---|
| 46.5 | ஈயம்-210 | நீண்டகால ரேடான் இழப்பு | 4.25 |
| 63.3 | தோரியம்-234 | யுரேனியம்-238 | 3.7 |
| 92.4, 92.8 | தோரியம்-234 | யுரேனியம்-238, எச்சரிக்கையோடு | இரண்டும் சேர்த்து 4.3 |
| 185.7 | யுரேனியம்-235 | யுரேனியம் | 57 |
| 186.2 | ரேடியம்-226 | ரேடியம் நேரடியாக | 3.6 |
| 295.2, 351.9 | ஈயம்-214 | ரேடியம், ரேடான் வழியாக | 18.4, 35.6 |
| 609.3, 1120.3, 1764.5 | பிஸ்மத்-214 | ரேடியம், ரேடான் வழியாக | 45.5, 14.9, 15.3 |
| 1001.0 | புரோட்டாக்டினியம்-234எம் | யுரேனியம்-238 | 0.84 |

தோரியம்-234-ன் அரை ஆயுள் 24 நாளே. ஆகவே இயற்கைப் பாறையில் அது யுரேனியம்-238-க்குச் சமமாகவே இருக்கும். அதை யுரேனியமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பழைய கருவித் தரவுநூலகங்களில் 63.3-க்கு 4.8 என்று இருக்கும். அதை மாற்றாமல் கணக்கிட்டால் யுரேனியம் 23 சதவீதம் குறைந்து வரும், ரேடியம்-யுரேனியம் விகிதம் 1.30 ஆகும். சமநிலையில் உள்ள பாறைகள் வரிசையாக 1.3 காட்டினால் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.

சோடியம் அயோடைடு கருவி போதாதா?

போதாது. அது 1764-ஐ நன்றாகப் பார்க்கும். அது கொடுப்பது சமான யுரேனியம் மட்டும். 63-ஐயும் 1001-ஐயும் அதன் பகுதிறனில் பிரித்தெடுக்க முடியாது. பக்கத்திலேயே வேதியியல் முறையில் யுரேனியம் அளக்கும் வசதி இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். பல கனிம ஆய்வகங்கள் அப்படித்தான் செய்கின்றன.

அப்படியானால் எந்த டிடெக்டர் வாங்குவது?

உயர்தூய ஜெர்மானியம். 1332 கேஇவியில் முகட்டின் அரை உயர அகலம் 2 கேஇவிக்குள் இருக்கட்டும். சாதாரண பி-வகை உருளை டிடெக்டரின் வெளிப்புறச் செயலற்ற அடுக்கு தாழ்ந்த கதிர்களை விழுங்கிவிடும். 46-ம் 63-ம் வேண்டுமென்றால் என்-வகையோ, மெல்லிய முன்முகம் கொண்ட அகன்ற தட்டை வகையோ, கார்பன் நார் சன்னலோடு வேண்டும். பி-வகைதான் கையில் இருக்கிறது என்றால் 1001-ஐ நம்பி நீண்ட நேரம் எண்ணுங்கள், முடியாதது ஒன்றும் இல்லை.

சுற்றிலும் 10 செ.மீ. ஈயக் கவசம். ஈயத்தின் எக்ஸ் கதிர்கள் 73 முதல் 87 வரை எழும், அவற்றை அடக்க உள்ளே தகரமும் செம்பும். உட்சுவரை ஒட்டிய ஈயம் ஈயம்-210 குறைந்ததாக இருப்பது நல்லது. ஆய்வகக் காற்றின் ரேடான் கவசத்துக்குள் புகுந்து 352-ஐயும் 609-ஐயும் ஏற்றிவிடும். குளிர்விக்கும் திரவ நைட்ரஜனிலிருந்து ஆவியாகும் வாயுவை ஒரு குழாய் வழியாகக் கவசத்துக்குள் விட்டால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும். செலவில்லாத வழி, ஆனாலும் பாதிப் பேர் செய்வதில்லை.

மாதிரியை எப்படித் தயாரிப்பது?

கள மாதிரி 2 அல்லது 3 கிலோ. 105 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். தாடை நொறுக்கியில் உடைத்து, கால்பங்கிட்டுக் குறைத்து, 75 மைக்ரான் அதாவது 200 மெஷ் சல்லடை வழியே போகும்வரை அரையுங்கள். யுரேனியம் பெரும்பாலும் சிறு யுரேனினைட் (யுரேனிய ஆக்சைடுக் கனிமம்) மணிகளாகச் சிதறிக் கிடக்கும். கரடுமுரடாக விட்டால் காமாவுக்குப் போன தூளும் வேதியியலுக்குப் போன தூளும் வெவ்வேறு பாறை ஆகிவிடும். அரைத்ததை நன்கு கலந்து, காமா, வேதியியல், ஆல்ஃபா மூன்றுக்கும் ஒரே தூளிலிருந்து பிரித்து வையுங்கள்.

டப்பா அலுமினியமோ எஃகோ ஆகட்டும். சாதாரண பாலிஎத்திலீன் டப்பாவின் சுவர் வழியாகவே ரேடான் ஊடுருவும். தூளை விளிம்புவரை தட்டி நிரப்புங்கள். மேலே வெற்றிடம் விட்டால் ரேடான் அங்கே போய்ச் சேரும், அதன் சேய்கள் மூடியிலும் சுவரிலும் ஒட்டும், வடிவியல் மாறிவிடும். 100 முதல் 250 கிராம் கொள்ளும் தட்டையான உருளை டப்பா, தாழ்ந்த ஆற்றல் அளவீட்டுக்கு ஏற்றது. டிடெக்டரைச் சூழ்ந்து உட்காரும் ஒரு லிட்டர் மரினெல்லி பீக்கர் 1001-க்கும் 609-க்கும் நல்லது, 63-க்குப் பயனில்லை. நடுவிலுள்ள தூளின் தாழ்ந்த கதிர் வெளியே வருவதற்குள் அணைந்துவிடும்.

மூடிய பின் விளிம்பில் எபாக்சி பசை பூசுங்கள். பசை நாடா மட்டும் போதாது. மூடிய தேதியையும் மணியையும் டப்பா மேலேயே எழுதுங்கள்.

இருபத்தெட்டு நாள் காத்திருக்கத்தான் வேண்டுமா?

352-ம் 609-ம் ரேடானின் சேய்களுடையவை, அதனால்தான் ரேடான் திரும்ப வளரும்வரை மூடிய டப்பாவை 28 நாள் விடுகிறோம். அரைக்கும்போது தூளிலிருந்து வெளியேறக்கூடிய ரேடான் முழுவதும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனது மொத்த ரேடான் அல்ல, மணிகளுக்குள் சிக்கியிருப்பது அங்கேயே இருக்கும். வெளியேறும் பங்கைத்தான் வெளியேற்ற விகிதம் என்கிறோம். பாறைகளில் அது பெரும்பாலும் 5 முதல் 30 சதவீதத்துக்குள் அமையும். மூடிய பின் அந்தப் பங்கு மட்டும் திரும்ப வளர்கிறது: 7 நாளில் 72 சதவீதம், 14 நாளில் 92, 21 நாளில் 98, 28 நாளில் 99.4.

வெளியேற்ற விகிதம் 20 சதவீதமான ஒரு தூளில் மூடிய அன்றே அளந்தால் ரேடியம் 20 சதவீதம் குறையும். 7-ம் நாளில் 5.6, 14-ம் நாளில் 1.6, 28-ம் நாளில் 0.1 சதவீதம். ஆகவே அவசரமென்றால் 14 நாளில் அளந்து 2 சதவீதப் பிழையை ஏற்றுக்கொள்ளலாம். ‘72 சதவீதம் வளர்ந்திருக்கும்’ என்று மொத்த எண்ணிக்கையையும் 0.72-ஆல் வகுப்பதுதான் கூடாது. வளர்வது வெளியேறிய பங்கு மட்டுமே. அப்படி வகுத்தால் ரேடியம் முப்பது சதவீதத்துக்கு மேல் பொய்யாக ஏறும். இது அடிக்கடி நடக்கும் தவறு.

மூடிய உடனே ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை அளந்தால் வெளியேற்ற விகிதமும் கூடவே கிடைக்கும். கள ஆய்வில் துளைக்கிணற்றுக் காமா ஏன் குறைந்தது என்று பின்னால் கேள்வி வரும்போது அந்த எண் கைகொடுக்கும்.

டப்பா கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கசியும் டப்பாவை எத்தனை மாதம் வைத்திருந்தாலும் அது முழுமைக்கு வராது. ரேடான் நாளுக்கு 18.1 சதவீத வேகத்தில் சிதைகிறது. கூடவே நாளுக்கு 2 சதவீத வேகத்தில் கசிந்தால், மணிகளுக்கு வெளியே வந்த ரேடானில் பத்தில் ஒரு பங்கு நிரந்தரமாகக் குறையும். வெளியேற்ற விகிதம் 30 சதவீதமென்றால் ரேடியம் 3 சதவீதம் குறைவு. கசிவு நாளுக்கு 20 சதவீதமானால் குறைவு 16 சதவீதத்தை நெருங்கும். அறிக்கையில் அது ‘ரேடியம் கரைந்து போயிருக்கிறது’ என்று மாறிவிடும்.

சோதிக்க, ரேடானை நன்றாக வெளிவிடும் தூள் ஒன்றை எடுத்து உங்கள் டப்பாவில், உங்கள் பசையோடு மூடுங்கள். 30-ம் நாள் 352-ஐ அளந்து, பிறகு விளிம்பை இன்னொரு பூச்சு எபாக்சியால் அடைத்து மேலும் ஒரு மாதம் கழித்து அளங்கள். ஏறினால் முதல் மூடல் கசிந்திருக்கிறது. ரேடானை வெளிவிடாத தூளை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் ஓட்டை டப்பாவும் தேர்ச்சி பெற்றுவிடும்.

186 முகட்டில் ரேடியம் நேரடியாகவே தெரிகிறதே, காத்திருக்காமல் அதைப் பயன்படுத்தலாமா?

அந்த முகட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ரேடியத்தின் 186.2-க்கும் யுரேனியம்-235-ன் 185.7-க்கும் இடையே அரை கேஇவி, எந்த ஜெர்மானியமும் பிரிக்காது. இயற்கை யுரேனியத்தில் 235-ன் கதிரியக்கம் 238-ன் 0.046 மடங்கு. சமநிலையில் உள்ள பாறையில் முகட்டின் 57 சதவீதம் ரேடியத்துடையது, 43 சதவீதம் யுரேனியத்துடையது. ‘0.57-ஆல் பெருக்கு’ என்ற விதி புழக்கத்தில் இருக்கிறது. சமநிலை இருக்கிறதா என்று கேட்கும் அளவீட்டில் சமநிலை இருப்பதாக வைத்துக்கொள்ளும் விதியை நுழைப்பது அபத்தம்.

சரியான பயன்பாடு வேறு. 63-லிருந்து யுரேனியம் கண்டு, அதன் 235 பங்கை 186 முகட்டிலிருந்து கழியுங்கள். மிச்சம் ரேடியம், ரேடான் தொடாத ரேடியம். அதை 352 தரும் மதிப்போடு ஒப்பிட்டால் கசிவு தெரிந்துவிடும். கழித்தலில் பிழை எல்லை பெருகும் என்பதால் இதை முதன்மை முடிவாக வைக்காமல் சரிபார்ப்பாக வையுங்கள்.

63 கேஇவி முகடு ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது?

தூளே அதை விழுங்குவதால். எவ்வளவு விழுங்கும் என்பது பாறையின் வேதியியலைப் பொறுத்தது. 60 கேஇவி அருகே நிறை உறிஞ்சல் கெழு, கிராமுக்குச் சதுர செ.மீ. அலகில்: குவார்ட்சுக்கு 0.25, டோலமைட்டுக்கு 0.30, சுண்ணாம்புக் கல்லுக்கு 0.37, இரும்புக்கு 1.2. யுரேனியத்துக்கோ 6-க்கும் மேல். தாதுவில் 1 சதவீத யுரேனியம் இருந்தாலே உறிஞ்சல் ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும்.

எண்களில் பார்ப்போம். 3 செ.மீ. உயரம், 1.5 அடர்த்தி. குவார்ட்சுத் தூளில் கீழிருந்து மேலாக 63 கதிரின் மூன்றில் ஒரு பங்குதான் கடக்கும். பலரும் பயன்படுத்தும் தரமாதிரியான (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) சர்வதேச அணுசக்தி முகமையின் ஐஏஇஏ ஆர்ஜியு-1, யுரேனியத் தாதுவைச் சிலிக்காத் தூளில் கலந்து 400 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 400 பங்கு), அதாவது கிலோவுக்கு 4,940 பெக்கரலுக்கு (நொடிக்கு 4,940 சிதைவு) கொண்டுவந்தது. அதை வைத்து அளவுதிருத்தம் செய்துவிட்டு அதே அடர்த்தியில் டோலமைட் தூளை அளந்தால் யுரேனியம் 9 சதவீதம் குறையும். சுண்ணாம்புக் கல் என்றால் 19 சதவீதம். ஆந்திரத்தின் கடப்பா வட்டாரத்துத் தும்மலபள்ளிபோல் டோலமைட்டில் யுரேனியம் இருக்கும் இடத்து மாதிரிக்கு இந்தத் திருத்தம் போடாவிட்டால் விகிதம் சும்மாவே 1.10 என்று வந்து நிற்கும்.

வழி எளிது. கட்ஷால் குழுவினர் 1983-ல் வெளியிட்ட ஊடுருவல் முறை. அமெரிசியம்-241 புள்ளி மூலத்தையோ சிறிய யுரேனியத் தாது வில்லையையோ டப்பாவின் மேல் வைத்து எண்ணுங்கள். தாது வில்லை என்றால் 63 கதிரையே நேரடியாகத் தரும். பிறகு மூலம் இல்லாமல் மாதிரியின் சொந்த எண்ணிக்கையைக் கழியுங்கள். அதே இடத்தில் வெற்று டப்பாவை வைத்து மூலத்தை எண்ணுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஊடுருவல். அதன் இயல் மடக்கையை, ஊடுருவலிலிருந்து 1-ஐக் கழித்த எண்ணால் வகுத்தால் பெருக்க வேண்டிய காரணி. ஊடுருவல் 0.50 என்றால் காரணி 1.39, 0.30 என்றால் 1.72. மாதிரிக்கும் தரமாதிரிக்கும் தனித்தனியே கண்டு இரண்டின் விகிதத்தைப் போடுங்கள். ஊடுருவல் 0.2-க்குக் கீழே போனால் தூளின் உயரத்தைக் குறையுங்கள், திருத்தத்தை நீட்டிக்கொண்டே போகாதீர்கள்.

92 இரட்டை முகட்டில் உறிஞ்சல் குறைவுதான், ஆனால் தோரியத்தின் 93.3 எக்ஸ் கதிர் அதன் மேல் ஏறி உட்காரும்.

1001-ஐ மட்டும் நம்பினால் என்ன?

உறிஞ்சல் தொல்லை ஏறக்குறைய இல்லை, அதனால் அதுதான் நேர்மையான முகடு. எண்ணிக்கைதான் கஞ்சத்தனம். 200 கிராம், 10 பிபிஎம், டிடெக்டர் திறன் 1.5 சதவீதம் என்றால் ஒரு நாள் முழுக்க எண்ணினாலும் 270 எண்ணிக்கைதான். மாதிரி இல்லாமலே பதிவாகும் பின்புலத்தைக் கழிக்கும் முன்பே 6 சதவீதப் பிழை. 100 பிபிஎம்முக்கு மேல் என்றால் கவலை இல்லை, ஒரு நாளில் 2 சதவீதத்துக்கு வந்துவிடும். 50 பிபிஎம்முக்கு மேல் இரண்டு முகடுகளையும் ஒப்பிடுவது நல்ல பழக்கம். 63 குறைந்தும் 1001 உயர்ந்தும் வந்தால் உறிஞ்சல் திருத்தம் தவறு.

609-ல் வரும் மதிப்பு 352-ல் வருவதைவிடக் குறைகிறது. ஏன்?

பிஸ்மத்-214-ன் கதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நொடித்துளியில் கிளம்புபவை. 609-ம் 1120-ம் சேர்ந்து டிடெக்டரில் விழுந்தால் அது ஒரே பெரிய ஆற்றலாகப் பதிவாகும், இரண்டு முகடுகளும் இழக்கும். மாதிரி டிடெக்டர் முகத்தை ஒட்டி இருந்தால் இழப்பு பத்து சதவீதத்தையும் தாண்டலாம். 352 இதில் பெரிதாக மாட்டுவதில்லை. பல கதிர்வீசிகள் கலந்த மூலத்தைக் கொண்டு வரைந்த டிடெக்டர் திறன் வளைகோட்டை நம்பினால்தான் இந்தச் சிக்கல். சமநிலையில் உள்ள யுரேனியத் தரமாதிரியை அதே டப்பாவில், அதே உயரத்தில் வைத்து முகட்டுக்கு முகடு ஒப்பிட்டால் இழப்பு இருபக்கமும் ஒன்றாகி அடிபட்டுப் போகும். முன்சொன்ன தரவுநூலகச் சிக்கலும் அதோடு தீரும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

விளக்கத்துக்கான எண்கள். தரமாதிரி 200 கிராம், 400 பிபிஎம்: 352-ல் நொடிக்கு 14.1, 63-ல் 1.10, 1001-ல் 0.124. மாதிரி 180 கிராம்: 2.20, 0.245, 0.0272. எல்லாம் பின்புலம் கழித்தவை.

352-லிருந்து: 400 × (2.20 ÷ 14.1) × (200 ÷ 180) = 69.3 பிபிஎம் சமான யுரேனியம். 63-லிருந்து இதே வழியில் 99.0, உறிஞ்சல் காரணி விகிதம் 1.03 போட்டால் 102. 1001-லிருந்து 97.5. இரண்டும் ஒத்துப்போகின்றன, சராசரி 99.7 பிபிஎம் யுரேனியம். கதிரியக்கமாக வேண்டுமென்றால் 1 பிபிஎம் யுரேனியம் கிலோவுக்கு 12.35 பெக்கரல்.

விகிதம் 0.70. யுரேனியத்தில் 3 சதவீதம், ரேடியத்தில் 2 சதவீதம் பிழை என்றால் சேர்ந்து 3.6 சதவீதம். இரட்டைப் பிழை எல்லையில் 0.70 ± 0.05. இது 1 அல்ல என்று சொல்லலாம். 0.95 ± 0.05 என்று வந்திருந்தால் எதுவும் சொல்ல முடியாது.

ஒரு குழப்பம்: சுரங்கக்காரர்கள் ‘சமநிலைக் காரணி’ என்று எழுதுவது பெரும்பாலும் இதன் தலைகீழ், யுரேனியத்தைச் சமான யுரேனியத்தால் வகுத்தது. இங்கே அது 1.44. எதை எதால் வகுத்தீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

0.70 என்றால் யுரேனியம் வந்து சேர்ந்ததா, ரேடியம் போய்விட்டதா?

இந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. நடுவில் நிற்கும் தோரியம்-230-ஐ அளக்க வேண்டும். தோரியம்-230 யுரேனியத்துக்குச் சமமாக இருந்து ரேடியம் மட்டும் குறைந்திருந்தால், ரேடியம் அண்மைக் காலத்தில், சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் கரைந்து போயிருக்கிறது. தோரியம்-230-ம் 0.70, ரேடியமும் அதற்குச் சமம் என்றால் யுரேனியம் பின்னால் வந்து சேர்ந்தது. மொத்த யுரேனியமும் ஒரே தடவையில், தோரியம் இல்லாமல், 234-238 விகிதம் 1 ஆக வந்தது என்று எடுத்துக்கொண்டால் 0.70-க்கு வளர 1.3 லட்சம் ஆண்டு. பழைய யுரேனியம் கொஞ்சம் ஏற்கெனவே இருந்திருந்தால் புதியது அதைவிட இளையது. ஒரே மாதிரியை வைத்து வயது எழுதாதீர்கள்.

ரேடியம் சரியாக இருந்து ஈயம்-210 குறைந்தால், பாறை கிடந்த இடத்திலேயே பல பத்தாண்டுகளாக ரேடானை இழந்துவருகிறது. ஈயம்-210-ன் அரை ஆயுள் 22 ஆண்டு என்பதால் டப்பாவில் ஒரு மாதம் அடைத்ததால் அது மாறாது. 46.5-க்கு உறிஞ்சல் 63-ஐவிடக் கடுமை.

தோரியம்-230-ஐக் காமாவில் பார்க்க முடியாதா?

67.7-ல் ஒரு கதிர் இருக்கிறது, நூறு சிதைவுக்கு 0.4-ஐ எட்டாது. உயர்தரத் தாதுவில் முயலலாம், மற்றதற்கு ஆல்ஃபாதான்.

அரை முதல் ஒரு கிராம் தூள். முதலில் தடங்காட்டிகளை (இழப்பைக் கணக்கிட அளவு தெரிந்து சேர்க்கும் ஐசோடோப்புகள்) சேருங்கள், யுரேனியம்-232-ம் தோரியம்-229-ம். கரைத்த பிறகு சேர்த்தால் இழப்பை அவை பார்க்காது. டெஃப்லான் பாத்திரத்தில் நைட்ரிக், ஹைட்ரோஃப்ளூரிக் அமிலங்கள். ஜிர்கான் மிச்சம் கிடந்தால் லித்தியம் மெட்டாபோரேட்டோடு உருக்குங்கள். தோரியம் ஃப்ளூரைடு கரையாமல் அடியில் தங்கும், அமிலத்தை முழுவதும் ஆவியாக்கி விரட்டாமல் மேலே போகக்கூடாது. தோரியம் குறைவாக வருவதற்கு முதல் காரணம் இதுவே. அம்மோனியாவில் இரும்பு ஹைட்ராக்சைடோடு வீழ்படிவாக்கி, 8 மோலார் நைட்ரிக் அமிலத்தில் எதிர்மின் அயனி மாற்றுப் பிசின் வழியே விடுங்கள். தோரியம் நிற்கும், 9 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இறங்கும். மாறாக, யுரேனியத்தை 9 மோலார் ஹைட்ரோகுளோரிக்கில் நிறுத்தி, நீர்த்த அமிலத்தில் இறக்க வேண்டும். எஃகு வில்லையில் சுமார் 1 ஆம்பியரில் ஒரு மணி நேரம் மின்படிவு. சில நாள் எண்ணுதல்.

ரேடியம்-226-ன் 4.784 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டும் யுரேனியம்-234-ன் 4.775-ம் ஒன்றின்மேல் ஒன்று விழும். பிரிப்பு அரைகுறையானால் 234 பொய்யாக ஏறும். முகடுகள் இடப்பக்கம் வால் நீட்டினால் வில்லையில் இரும்பு தங்கியிருக்கிறது.

ஐசிபி-எம்எஸ் (அமிலத்தில் கரைத்த தூளை அளக்கும் நிறை நிறமாலைமானி) மதிப்பு காமாவோடு ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

காமா 200 கிராமைப் பார்க்கிறது, அமிலத்தில் கரைந்தது கால் கிராம். மூன்று தடவை தனித்தனியாக எடுத்துக் கரைத்துப் பாருங்கள். மூன்றும் சிதறினால் தூள் கலக்கவில்லை. மூன்றும் ஒன்றாகக் குறைந்தால் கரையாத கனிமம் மிச்சம், உருக்கி மறுபடி அளங்கள். எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் அளந்த யுரேனியம் என்றால் ருபீடியம் குறுக்கீட்டுக்குத் திருத்தம் போட்டார்களா என்று கேளுங்கள். மேலும், முடிவு யுரேனியமாகவா ஆக்சைடாகவா? யு₃ஓ₈ என்றால் 1.179-ஆல் வகுக்க வேண்டும். 18 சதவீத ‘சமநிலைக் குலைவு’ இந்த ஒரு கவனக்குறைவிலேயே பிறந்துவிடும்.

தோரியம் நிறைந்த மாதிரிகளில் என்ன மாறும்?

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மோனசைட் போன்றவற்றில் தோரியம் யுரேனியத்தைவிடப் பல மடங்கு. தோரியம்-232-க்கே 63.8-ல் ஒரு சிறு கதிர் உண்டு, நூறு சிதைவுக்கு 0.26. சாதாரணப் பாறையில் கண்ணில் படாது, இங்கே 63.3-ஐக் கணிசமாக ஏற்றும். 92 முகடு பயன்படாது. 1001-க்குப் போங்கள், அல்லது யுரேனியத்தை வேதியியலில் அளங்கள். தூய தோரியத் தரமாதிரி ஒன்றை ஓட்டி ஒவ்வொரு முகட்டிலும் எவ்வளவு நுழைகிறது என்று கழிப்பதே முறை.

துளைக்கிணற்றிலேயே யுரேனியத்தை நேரடியாக அளக்க வழி உண்டா?

உண்டு. நியூட்ரான் துடிப்புகளைப் பாய்ச்சி, யுரேனியம்-235 பிளவுபடும்போது உடனடியாக எழும் நியூட்ரான்களை எண்ணும் ஆய்வி. சேய்களைச் சாராததால் சமநிலைக் கேள்வியே எழாது. தெற்கு ஆஸ்திரேலியாவின் பெவர்லி வட்டாரத்து மணற்பாறைப் படிவங்களில் இது பழக்கத்தில் உள்ளது. காமா ஆய்வியைவிட மெதுவாக இறக்க வேண்டும், விலையும் அதிகம்.

பாதுகாப்பு?

100 பிபிஎம் தூள் 200 கிராமில் யுரேனியம்-238 சுமார் 250 பெக்கரல். டப்பாவைத் தொடுவதில் ஆபத்தில்லை. அரைக்கும் தூசியைச் சுவாசிப்பதுதான் ஆபத்து, சிலிக்காவும் சேர்த்து. உறிஞ்சுகூண்டும் முகக்கவசமும் வேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் அமில மேசையில் கால்சியம் குளுகோனேட் களிம்பு இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. சதவீதக் கணக்கில் யுரேனியம் உள்ள தாதுவை எண்ணும் அறையில் வைக்காதீர்கள். அது உங்களைக் கெடுப்பதற்கு முன் பின்புலத்தைக் கெடுக்கும்.

அளந்து முடித்த டப்பாவைத் திறந்து தூளை எடுத்துக்கொள்ளலாமா?

முடிவு ஏற்கப்படும்வரை வேண்டாம். யாராவது 352 மதிப்பைக் கேள்வி கேட்டால் மூடிய டப்பாவை அன்றைக்கே திரும்ப எண்ணலாம். திறந்துவிட்டால் இன்னொரு மாதம். வேதியியலுக்குத் தூள் வேண்டுமென்றுதான் பெரும்பாலும் திறக்கிறார்கள். அதற்காகவே அரைத்த அன்று 20 கிராமைத் தனிக் குப்பியில் எடுத்து, அதே எண்ணை எழுதி வைக்க வேண்டும்.